வாசகர் கேள்வி – பதில்: அம்மா அப்பாவோடு புதுப்படம்

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். லீவில் வீட்டுக்கு வந்து அம்மா அப்பாவோடு இருந்து புதுப்படம் பார்த்திருக்கிறார்கள், அதில் சந்தோசமும் வந்திருக்கிறது, சண்டையும் வந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

வாசகி, கல்லடி: அக்கா, நான் கொழும்பில் வேலை செய்கிறேன். ஊருக்கு வந்தால் அம்மாவோடு படம் பார்க்க ஆசை. ஆனால் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ‘இவன்தான் கள்ளன்’, ‘இந்தப் பொடியன் சாகப்போறான் பாரு’ என்று தொடங்கிவிடுவா. பக்கத்து வீட்டு மாமியோடு முதலே பார்த்த படமென்றால் முடிவையும் சொல்லிவிடுவா. சொல்ல வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகிறது. என்ன செய்ய?

பதில்: முடிவைச் சொன்னால் படம் கெட்டுவிடும் என்ற எண்ணம் உங்கள் அம்மா வளர்ந்த ஊரில் இருக்கவில்லை தங்கச்சி. அவர் சின்ன வயதில் பெரிய கதைகளை எங்கே, எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கூத்துக் களரியைச் சுற்றிப் பாய் விரித்து விடிய விடிய இருந்த சனத்தில் அபிமன்யு சாகப்போகிறான் என்று தெரியாதவர் ஒருவரும் இருந்திருக்கமாட்டார். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரை பாடும்போது கோவலனுக்கு என்ன ஆகுமோ என்று தவித்துக்கொண்டு யாரும் வருவதில்லை, ஆனாலும் அந்த இடம் வரும்போது வருடா வருடம் கண்கலங்குகிறார்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் சடங்கில் பாண்டவர் வனவாசம் போகிறபோது வீதியில் நின்று பார்க்கிறவர்களுக்குத் தீமிதிப்பு வரைக்கும் எல்லாம் மனப்பாடம். எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள். இந்த முறை அருச்சுனனுக்கு ஆடுகிறவனின் கால் தாளத்தில் நிற்கிறதா, அண்ணாவியாரின் மத்தளம் எழும்புகிறதா, அழுகைப் பாட்டுக்குக் குரல் இறங்குகிறதா என்பதுதான் அடுத்த நாள் கிணற்றடியில் பேச்சு, அதிலே பெண்கள் ஆண்களைவிடக் கறாரானவர்கள்.

ஆகவே அம்மா ‘இவன் சாகப்போறான்’ என்று சொன்னால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘எதை வைச்சுச் சொல்றீங்க?’ என்று கேளுங்கள். அந்தப் பொடியன் வீட்டை விட்டுப் போகும்போது தாயிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை, அல்லது இவ்வளவு நேரமாக அவனை மட்டும் நல்லவனாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஏதாவது சொல்லுவார். கதை கட்டுகிறவர்களின் தந்திரம் முழுவதும் அவருக்குத் தெரியும், படிப்பில் வந்த அறிவு இல்லை அது, கேட்டுக் கேட்டு வந்தது.

எங்கள் அப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்தவர். மாரி செல்வராஜின் ‘வாழை’ (2024) பார்த்துக்கொண்டிருந்தோம். வாழைத்தார் சுமக்கிற ஆட்கள் தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டு, அது கிடைத்துவிடுகிற இடத்தில் நாங்கள் எல்லாரும் சந்தோசப்பட, அப்பா மட்டும் ‘குடுத்த காச அவன் வேற வழியால எடுப்பான் புள்ள, பார்த்துக்கிட்டு இரு’ என்றார். பெரிய வயல்காரரான போடியார்மாரிடம் கூலி கேட்டு நின்ற ஆட்களைக் கண்ட மனுசனுக்குத் தெரிந்த கணக்கு அது. படமும் அங்கேதான் போனது. அந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனம் வாசித்தேன், அந்தக் காட்சியை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இன்னொருவரை நான் காணவில்லை.

ஒன்று செய்யலாம். ‘மஹாராஜா’ (2024) மாதிரி கடைசியில்தான் முடிச்சு அவிழும் படங்களைக் கொழும்பில் தனியாக இருந்து பார்த்துவிடுங்கள். அம்மாவோடு பார்ப்பதற்கு முடிச்சை நம்பி நிற்காத படங்களை எடுங்கள், அப்போது அவர் எவ்வளவு கதைத்தாலும் படம் தாங்கும்.

வாசகர், செங்கலடி: புதுப்படங்களில் ஆக்கள் கதைப்பது விளங்கவில்லை என்று அப்பா சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார், கூட்டினால் சண்டைக் காட்சியில் வீடே அதிருது. டிவி பழுதா, காது பழுதா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை. இப்போதைய படங்களின் ஒலியைத் தியேட்டருக்காகப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துச் செய்கிறார்கள், பேச்சு பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும். வீட்டு டிவியில் இருப்பது இரண்டு சின்ன ஸ்பீக்கர், எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கும்போது பாட்டும் வெடியும் பேச்சை விழுங்கிவிடுகிறது. டிவியின் ஒலி அமைப்புக்குள் போய்ப் பேச்சைத் தெளிவாக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், பல டிவிகளில் இருக்கிறது. படம் பார்க்கும் ஆப்பில் ஸ்டீரியோ என்று தனியாக இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைக் குறையுங்கள். தமிழில் எழுத்து ஓடவிட முடிந்தால் விடுங்கள், அப்பாவுக்கு அதில் வெட்கம் ஒன்றும் வராது. இவ்வளவும் செய்தும் விளங்கவில்லை, வீட்டில் சாதாரணமாகக் கதைக்கும்போதும் ‘என்ன, என்ன’ என்று கேட்கிறார் என்றால் காது வைத்தியரிடம் காட்டுங்கள். வயது போகும்போது மெல்லிய, உயர்ந்த சுருதிச் சத்தங்கள்தான் முதலில் குறையும், சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது.

வாசகர், கல்முனை: வாப்பா விருப்பமாகப் படம் பார்ப்பார். ஆனால் கட்டிப்பிடிக்கிற காட்சி, குடிக்கிற காட்சி வந்தால் எழும்பி வெளியே போய்விடுவார், திரும்ப வரமாட்டார். உம்மாவும் குசினிக்குள் போய்விடுவா. ‘குடும்பத்தோட இருந்து பாக்க உங்கட காலத்தில என்ன படமடா இருக்கு’ என்று கேட்கிறார். எதைத்தான் போடுவது?

பதில்: தம்பி, அந்தக் காட்சி வரும்போது நீங்களும் ஃபோனைத்தானே குனிந்து பார்ப்பீர்கள்? வாப்பாவும் அதையே தன் முறையில் செய்கிறார். மகனுக்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குக் கூச்சம். அதைப் பிற்போக்கு என்று நினைத்து வாதாடப் போகவேண்டாம், வாதாடினால் அடுத்த முறை அவர் வந்து உட்காரவே மாட்டார்.

படத்தை நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள், இதை விடச் சுருக்கமான வழி இல்லை. இந்தியாவில் 2024இல் சான்றிதழ் முறையை மாற்றி யூஏ என்பதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், ஓடிடியிலும் தொடக்கத்தில் வயதும் காரணமும் போடுகிறார்கள். அது கொஞ்சம் உதவும். ஆனால் வாப்பாவின் கணக்கு வேறு. வெட்டுக்குத்தை அவர் பொறுத்துக்கொள்வார், குடியைப் பொறுக்கமாட்டார். அது உங்களுக்குத்தான் தெரியும், சான்றிதழ் கொடுக்கிறவர்களுக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது ‘லப்பர் பந்து’ (2024). கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் மென்பந்து கிரிக்கெட் பார்க்காத வாப்பா இருக்கமாட்டார். இரண்டு ஊர் ஆட்டக்காரர்கள், ஒருவர் மற்றவரின் மகளை விரும்பிவிடுகிறார், இரண்டு பேருக்கும் மைதானத்தில் பழைய கோபம். சாதி பார்த்து ஆளை அணியில் சேர்க்காமல் விடுகிற கதையும் அதற்குள்ளே ஓடுகிறது, ஆனால் பிரசங்கம் இல்லை. அட்டகத்தி தினேஷ் நடிக்கிற ‘கெத்து’ என்ற பாத்திரம் விஜயகாந்த் ரசிகர். வாப்பாவின் இளமைக் காலத்து ஹீரோ விஜயகாந்த், 2023 டிசம்பர் 28இல் காலமாகிவிட்டார். அவருடைய பழைய பாட்டு மைதானத்தில் ஒலிக்கும்போது வாப்பாவின் முகத்தைப் பாருங்கள். உம்மாவுக்கும் அந்தப் படத்தில் ஆள் இருக்கிறார். வேலையை விட்டுவிட்டு விளையாடப் போகும் புருசனைப் பிடிக்க ட்ராக்டரோடு மைதானத்துக்குள் இறங்கும் யசோதை. ஸ்வாசிகா நடித்திருக்கிறார். யசோதை செய்தது சரியா என்று உம்மாவிடம் கேட்டால் குசினிக்குப் போகமாட்டா, அங்கேயே இருந்து கதைப்பா.

அடுத்தது குறட்டையால் அவதிப்படும் ஒருவனைப் பற்றிய ‘குட் நைட்’ (2023). குறட்டை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? ‘மெய்யழகன்’ (2024) அருமையான படம், ஆனால் இரவு முழுக்க இரண்டு பேரும் பீர் குடித்துக்கொண்டே கதைக்கிற பகுதி நீளமாக வரும், அந்தப் பகுதி இல்லாவிட்டால் படமும் இல்லை. வாப்பாவிடம் முதலே சொல்லிவிடுங்கள், சொல்லிப் போட்டால் சில பேர் பார்ப்பார்கள். ‘சித்தா’ (2023) சிறு பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமையைப் பற்றியது. ஆபாசம் எதையும் காட்டவில்லை, ஆனால் பார்ப்பதற்குக் கடினம். பேரப்பிள்ளைகள் இருக்கிற உம்மா வாப்பா பார்க்கவேண்டிய படம் என்றுதான் நான் நினைக்கிறேன், பிள்ளைகள் நித்திரையான பிறகு போடுங்கள்.

வாசகி, ஆரையம்பதி: சித்தார்த், சரத்குமார் நடித்த ‘3 பிஎச்கே’ பார்த்தோம். எனக்கு நல்லாப் பிடித்தது. அம்மாவும் பெரியம்மாவும் படம் முழுக்க ஒரே கேள்விதான், ‘பொம்பிளைப் பிள்ளைக்கு வீட்டைக் குடுக்காம ஏன் இந்தாள் மகனைப் போட்டு அலைக்கழிக்குது?’ படத்தின் கருத்தே அவர்களுக்கு விளங்கவில்லையே?

பதில்: விளங்காமல் இல்லை. அவர்கள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் கேள்விதான் வரும். ஸ்ரீ கணேஷ் எடுத்து 2025 ஜூலையில் வந்த படம். சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் வாசுதேவன் சொந்த வீடு வாங்கக் காசு சேர்ப்பதும், மகனின் படிப்பு, வைத்தியச் செலவு, மகளின் கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் அந்தக் காசு கரைவதும்தான் கதை. தகப்பனின் ஆசை மகனின் தோளில் ஏறுகிறது. அங்கே அது இயல்பு.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீடு என்றால் பெண்ணுக்கு. தமிழ் ஆக்களிடமும் முஸ்லிம் ஆக்களிடமும் அதுதான் வழக்கம், கல்யாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் வளவின் மூலையில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு ஒதுங்குவதும், அடுத்தவளுக்காகத் திரும்பவும் அத்திவாரம் போடுவதும் உங்கள் தெருவிலேயே நடந்திருக்கும். மகளின் வீட்டுக்குக் கூரை போட வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன தாய்மார் எத்தனை பேர். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பார்க்கிறவருக்கு, அந்த வீட்டு மகள் ஆர்த்தியின் கல்யாணம் வீட்டுக் காசைத் தின்கிற செலவாகவும், வீடு தகப்பன் மகன் கணக்காகவும் காட்டப்படுவது உறுத்தத்தானே செய்யும்? உங்கள் அம்மாவும் பெரியம்மாவும் அந்தப் படத்தில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், நான் அவர்கள் பக்கம்.

ஆனால் நீங்களும் திருப்பிக் கேளுங்கள். மூன்று பெண் பிள்ளை என்றால் மூன்று வீடு என்று நம் ஊரில் ஒரு குடும்பம் படும் பாடு சரியா? வீடு இல்லாததால் கல்யாணம் தள்ளிப்போன பெண்களை அம்மாவுக்குத் தெரியும். படத்தைச் சாட்டாக வைத்து இதைக் கதைக்கலாம், நேரே தொடங்கினால் சண்டையில்தான் முடியும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் ‘வீடு’ (1988) போட்டுக் காட்டுங்கள். எடுத்தவர் பாலு மகேந்திரா, நம்ம அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர். படத்தில் ஒரு பாட்டும் இல்லை. வேலைக்குப் போகும் ஒரு இளம்பெண், அவளுடைய தாத்தா, தங்கச்சி. அந்தப் பெண்தான் வீடு கட்டப் புறப்படுகிறாள். கடன் எடுக்கிறாள், கட்டுமானத்தை ஏற்றவன் ஏமாற்றுகிறான், சீமெந்து களவு போகிறது. தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் பாதி எழும்பிய சுவருக்குள் வந்து நிற்கிற காட்சியைப் பாருங்கள். மேசன் பாஸோடு ஒரு முறையாவது சண்டை பிடித்த எந்த அம்மாவும் இந்தப் படத்தை நடுவில் விட்டுவிட்டு எழும்பமாட்டார். இரண்டையும் பார்த்த பிறகு எந்த வீடு நம்மட வீடு மாதிரி இருக்கிறது என்று கேளுங்கள், எனக்கும் எழுதி அனுப்புங்கள்.

வாசகர், திருக்கோவில்: வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகத்தை அப்பாவோடு பார்த்தேன். ஊராட்களைப் பிடித்துக்கொண்டுபோய் விசாரிக்கிற காட்சி வந்ததும் எழும்பிப் போய் வேலியடியில் நின்றார். அன்றிரவு நித்திரையும் இல்லை. ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இனிமேல் இப்படிப் படங்களே வேண்டாமா?

பதில்: நீங்கள் கேட்காமல் விட்டது நல்லது. அன்றிரவு கேட்கக் கூடாது.

2023 மார்ச்சில் வந்த அந்தப் படத்தில், மலைக்கிராமத்துப் பெண்களை நிலையத்தில் அடைத்துவைத்துச் செய்யும் கொடுமைகள் வருகின்றன. 1992இல் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் பொலிசும் வனத்துறையும் ஊராட்கள்மேல் செய்ததை நினைவுபடுத்துகிற காட்சிகள் அவை, தமிழ்நாட்டில் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வழக்கின் நினைவு. நம் கரையில் உங்கள் அப்பாவின் வயதுக்காரருக்கு அது தன் ஊரின் நினைவு. விடியற்காலைச் சுற்றிவளைப்பு, மைதானத்தில் வரிசையாக இருத்துவது, தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கும், முகத்தை மூடிய தலையாட்டி, பிறகு வீட்டுக்கு வராமலே போன பெடியன்கள். அவர் அந்த மைதானத்தில் இருந்தாரா, அவருடைய கூட்டாளி ஒருவர் இருந்தாரா, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் சொல்லாமலே இருக்கலாம், அது அவருடைய உரிமை.

படமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அப்பாவுக்கு என்ன ஒத்துக்கொள்ளும் என்று நீங்களாக முடிவெடுத்து ஒளித்துவைப்பதும் சரியில்லை, அவர் சின்னப்பிள்ளை இல்லை. போடுவதற்கு முதல் ‘இதில் அடிக்கிற, விசாரிக்கிற காட்சி வரும் அப்பா, பார்ப்போமா?’ என்று நேரே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு படம். ஓம் என்றால் ரிமோட் அவர் கையில் இருக்கட்டும், கதவைத் திறந்து வையுங்கள், லைட்டை அணைக்க வேண்டாம்.

ஒரே ஆளுக்குள் இரண்டு நிலை இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். 2014 ஏப்ரலில் காஷ்மீரில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையான ‘அமரன்’ (2024) நம் பக்கத்து வீடுகளில் ஓடியபோது, சீருடையும் துப்பாக்கியும் வரும் இடமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அம்மாமார், சாய் பல்லவி கணவனின் குரலுக்காகக் காத்திருக்கிற இடத்தில் தாங்க முடியாமல் அழுதார்கள். இளவயதில் தாலியைக் கழற்றிய பெண்கள் அதிகம் உள்ள ஊர்கள் நம்முடையவை. அந்த அழுகைக்கு நாடு, கட்சி என்று பக்கம் ஒன்றும் கிடையாது. இராணுவத்தைக் காட்டிய விதம் பிடிக்கவில்லை என்று அதே அம்மா அடுத்த நாள் சொல்லுவார், அதுவும் உண்மைதான்.

அப்பா என்றைக்காவது கதைக்கத் தொடங்கினால் இடையில் கேள்வி கேட்காதீர்கள். ஃபோனை எடுத்துப் பதிவு செய்யாதீர்கள். நித்திரையில்லாமை நாள் கணக்கில் நீண்டால், திடுக்கிட்டு எழும்பினால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகலாம், 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் எடுக்கலாம். தூரமாக இருந்தால் உங்கள் ஊர் வைத்தியசாலையில் கேட்டாலே வழி சொல்லுவார்கள்.

வாசகி, வாழைச்சேனை: ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்த்து நான் அழுதேன், சிரித்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ‘நம்மட கஷ்டத்தைப் பகிடியாக்கிட்டாங்க, போன ஆக்களெல்லாம் அங்க இப்பிடியா இருக்காங்க’ என்கிறா. யார் சொல்வது சரி?

பதில்: அம்மா சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் நாம் பட்டதை மறக்க முடியுமா, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை, காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. அந்த மார்ச்சில்தான் வடக்குக் கரையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் படகேறி தனுஷ்கோடியில் போய் இறங்கத் தொடங்கினார்கள். படத்தில் தர்மதாஸ் குடும்பம் இராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னையில் ஒரு கொலனியில் வீடு எடுத்துக் குடியேறுகிறது. நிஜத்தில் அப்போது போனவர்களை மண்டபம் முகாமில் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள். எண்பதுகளிலிருந்து போனவர்களில் பல்லாயிரம் பேர் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களிலேயே இருக்கிறார்கள், அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்தியக் குடியுரிமை கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது. 1951இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவும் இல்லை. உங்கள் சொந்தத்தில் யாராவது முகாமில் இருந்தால் அம்மா இதையெல்லாம் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார், அவரிடம் விவரமாகக் கேளுங்கள்.

உங்கள் பக்கமும் சொல்கிறேன். 2025 மே மாதம் வந்த அந்தப் படத்தை எடுத்த அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம். அவர் அகதி வாழ்க்கையை முழுதாகச் சொல்ல முயலவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வாழும் ஒரு தெருவுக்கு, முகத்தைப் பார்த்துக் கதைக்கத் தெரிந்த ஒரு குடும்பம் போனால் என்ன நடக்கும் என்று பார்க்கிறார். அந்தத் தெருவில் ஒரு மூத்த அம்மா இறந்துபோகிற இடத்தில் தர்மதாஸாக வரும் சசிகுமாரும் மனைவியாக வரும் சிம்ரனும் ஓடியாடிச் செய்வதெல்லாம் நம் ஊர்ச் சாவீட்டில் எந்த அயலவரும் செய்கிற வேலைதான். அதை அதிசயம்போலக் காட்டுகிறார்களே என்று உங்கள் அம்மாவுக்குத் தோன்றியிருக்கலாம். கேட்டுப் பாருங்கள், ‘சாவீட்டுக்கு ஆள் வராத தெருவும் ஒரு தெருவா’ என்று அவர் சொல்லிவிட்டால், படம் சொன்னதையே அவரும் சொல்லிவிட்டார்.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. ‘தெனாலி’ (2000) தொடங்கி, இலங்கைத் தமிழர் என்றால் திரையில் யாழ்ப்பாணப் பேச்சைத்தான் பிடிக்கப் பார்க்கிறார்கள். மட்டக்களப்பு ஆள் கதைக்கிறமாதிரி ஒரு பாத்திரம் தமிழ்நாட்டுப் படத்தில் வந்து நான் பார்த்ததில்லை. ‘நம்மட’ என்று உங்கள் அம்மா சொல்லும்போது அந்தப் படத்தில் அவர் தன்னைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றம் நியாயமானது. நம் பிள்ளைகள் கமெரா எடுத்துக்கொண்டு கிளம்பினால்தான் அது தீரும். சின்னச் சின்னக் குறும்படங்கள் மட்டக்களப்பில் எடுக்கிறார்கள், யூடியூபில் தேடி அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள், தன் பேச்சைத் திரையில் கேட்கட்டும்.

வாசகர், களுவாஞ்சிக்குடி: எங்கள் அப்பா எந்தப் படம் பார்த்தாலும் ‘பரவாயில்லை’ என்ற ஒரு சொல்லோடு எழும்பிவிடுவார். அவரிடம் கருத்துக் கேட்பது எப்படி?

பதில்: ‘படம் எப்படி இருந்தது அப்பா’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்பதுதான் பதில். அந்தக் கேள்விக்கு என்னிடமும் வேறு பதில் இல்லை. ஆளைப் பற்றிக் கேளுங்கள். கெத்து தன் மருமகனை ஏற்றுக்கொண்டது சரியா? ‘மெய்யழகன்’ படத்து அருள்மொழி அந்த வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டுமா? வாசுதேவன் வீட்டு ஆசையை விட்டிருக்கலாமா? ஞாயம் அநியாயம் என்று வந்துவிட்டால் நம் ஊர் அப்பாமார் வாய் திறப்பார்கள். படம் முடிந்த கையோடு கேட்க வேண்டாம். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போதோ, மோட்டார் சைக்கிளில் வயலுக்குப் போகும்போதோ கேளுங்கள், முகத்துக்கு முகம் பார்க்காமல் இருக்கும்போது அவருக்கும் கதைக்கச் சுகம். அவர் சொல்வது உங்களுக்குப் பிழை என்று பட்டால் அதையும் சொல்லிவிடுங்கள், தலையாட்டிக்கொண்டிருந்தால் அவரும் இரண்டாம் நாள் நிறுத்திவிடுவார். ‘லப்பர் பந்து’வில் தொடங்குங்கள், களுவாஞ்சிக்குடியில் கிரிக்கெட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லாத அப்பாவை நான் இன்னும் காணவில்லை.